கல்லறை காத்த கோயில்

லண்டன் நகரில் தேம்ஸ் நதியின் தென்கரையில் லாம்பெத் என்று ஒரு பகுதி. கான்டர்பரி ஆர்ச்பிஷப்பின் அரண்மனை அங்கேதான் இருக்கிறது. அரண்மனை வாசலை ஒட்டினாற்போல் ஒரு பழைய மாதா கோயில். கோயில் என்று சொன்னேனே தவிர, அது வழிபாட்டுக்கு மூடப்பட்டு வெகுகாலமாகிறது. உள்ளே மண்வெட்டிகளும் பூவாளிகளும் கத்தரிகளும் கொலுவிருக்கின்றன. ஆம், அது இன்று ஒரு தோட்டக்கலை அருங்காட்சியகம்! இந்த மாறுதலின் கதையில் ஒரு பெண்ணின் துயரம் கலந்திருப்பதால்தான் அதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

1066-ல் நார்மானியர் இங்கிலாந்தை வெல்வதற்கு முன்பே அந்த இடத்தில் ஒரு கோயில் இருந்தது. இப்போது நிற்கும் கற்கோபுரம் பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மற்றப் பகுதிகளில் பெரும்பாலானவை 1851, 1852 ஆண்டுகளில் திரும்பக் கட்டப்பட்டவை.

பதினேழாம் நூற்றாண்டில் லாம்பெத்தில் ஜான் டிரடெஸ்கண்ட் என்ற தோட்டக்காரர் வாழ்ந்தார். சாதாரணத் தோட்டக்காரர் அல்லர். முதலாம் சார்லஸ் மன்னருக்கே தோட்டம் போட்டவர். ருஷ்யாவுக்கும் அல்ஜியர்ஸுக்கும் கப்பலேறிப் போய்ச் செடிகள் கொண்டுவந்தார். அதே பெயர் கொண்ட மகன் அமெரிக்காவில் வர்ஜீனியா வரை சென்று வந்தார். நம் வீட்டுத் தொட்டிகளில் ஊதா இலையோடு படர்கிறதே ஒரு செடி, அதன் இனத்துக்கு டிரடெஸ்காண்டியா என்ற பெயர் வந்தது இவர்களால்தான்.

செடிகளோடு அதிசயப் பொருள்களையும் சேர்த்தார்கள். மொரீஷியஸ் தீவின் டோடோ பறவை உட்பட எத்தனையோ விந்தைகள் அந்த வீட்டில் இருந்தன. கட்டணம் கொடுத்தால் யாரும் பார்க்கலாம். 'பேழை' என்றே ஜனங்கள் அந்த வீட்டை அழைத்தார்கள். 1656-ல் அதற்கு அச்சிட்ட பட்டியலும் வெளிவந்தது.

அந்தப் பட்டியலைத் தயாரிக்க உதவியவர் எலியாஸ் ஆஷ்மோல் என்ற கனவான். 1659-ல் மகன் டிரடெஸ்கண்ட் இவர் பெயருக்கு ஒரு தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். பிறகு மனம் மாறி, எல்லாம் மனைவி ஹெஸ்டருக்கு, அவள் காலத்துக்குப் பின் ஒரு பல்கலைக்கழகத்துக்கு என்று உயில் எழுதிவிட்டு 1662-ல் கண்ணை மூடினார். பத்திரமா, உயிலா? வழக்கு நடந்தது. 1664-ல் ஆஷ்மோல் பக்கம் தீர்ப்பாயிற்று. ஹெஸ்டர் உயிரோடு இருக்கும்வரை பொருள்களை வைத்துக் காக்கலாம், அவ்வளவுதான். 1674-ல் ஆஷ்மோல் அடுத்த வீட்டுக்கே வந்து சேர்ந்தார். 1678-ல் ஒருநாள் ஹெஸ்டர் தம் தோட்டத்துக் குளத்தில் மூழ்கி இறந்து கிடந்தார்.

பொருள்கள் ஆக்ஸ்போர்டுக்குப் போயின. 1683-ல் அங்கே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர் டிரடெஸ்கண்ட் அல்ல, ஆஷ்மோலியன்!

ஹெஸ்டர் செய்த காரியம் ஒன்று மட்டும் லாம்பெத்திலேயே நின்றது. கணவர் இறந்ததும் கோயில் முற்றத்தில் ஓர் அழகிய கல்லறை எழுப்பியிருந்தார். மரங்கள், சங்குகள், முதலை, இடிந்த மண்டபங்கள் என்று நாற்புறமும் சிற்பங்கள். காலத்தால் அது சிதைந்தபோது, 1853-ல் பொதுமக்கள் பணம் திரட்டிப் புதுப்பித்தார்கள்.

1972-ல் கோயில் வழிபாட்டுக்கு மூடப்பட்டது. இடித்துவிடுவது என்று ஏற்பாடு. 1976-ல் ரோஸ்மேரி நிக்கல்சன் என்ற மாது, கணவரோடு டிரடெஸ்கண்ட் கல்லறையைத் தேடி வந்தார். பலகை அடித்து மூடிய கோயிலையும் புதர் மண்டிய முற்றத்தையும் கண்டார். மறு வருஷமே ஓர் அறக்கட்டளை தொடங்கிக் கட்டடத்தைக் காப்பாற்றினார்கள். தோட்டக் கலைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் பிறந்தது.

2016-ல் திருப்பணி நடந்தபோது, தரைக்கல்லைப் பெயர்த்த வேலையாட்கள் கீழே ஒரு நிலவறையைக் கண்டார்கள். உள்ளே முப்பது ஈயப் பெட்டிகள். ஒன்றின்மேல் பொன்முலாம் பூசிய ஆர்ச்பிஷப்பின் கிரீடம்! 1610-ல் காலமான பான்கிராப்ட் முதலிய ஆர்ச்பிஷப்புகள் அங்கே துயில்கிறார்கள். ஆனால் கோயிலை இடிபாடாகாமல் காத்தது இந்தப் பெரியவர்களின் பெட்டிகள் அல்ல, முற்றத்தில் கிடந்த தோட்டக்காரர் கல்லறைதான்.

ஆஷ்மோலும் 1692-ல் இதே கோயிலுக்குள்தான் அடக்கம் செய்யப்பட்டார். ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகம் உள்ளவரை அவருக்கு மரணமில்லை என்று அவர் கல்லில் பொறித்திருக்கிறார்கள். 2017-ல் லாம்பெத்தில் 'பேழை' என்ற பெயரிலேயே ஒரு கூடம் திறந்தார்கள். பழைய பொருள்களில் சில ஆக்ஸ்போர்டிலிருந்து அங்கே வந்து சேர்ந்தன. வந்ததும் இரவலாகத்தான். நீதிமன்றத்தில் ஹெஸ்டர் தோற்றது தோற்றதுதான். இருந்தாலும், அவர் நட்டுவைத்த கல் முந்நூறு வருஷம் கழித்து ஒரு கோயிலையே காப்பாற்றிக் கொடுத்ததே, அது எந்தப் பத்திரத்தாலும் பறிக்க முடியாத சொத்து அல்லவா?