அணைந்த பரம்பரையலகின் கதை

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு கலியாணம் பேசினால் முதலில் கேட்பது சாதகம். இரத்தப் பரிசோதனை எண்டு சொன்னால் "பிள்ளைக்கு ஏதும் வருத்தமோ?" எண்டு கேட்பினம். தலசீமியாவின் கதையைச் சொல்லவேண்டி வருவது அதனால்தான்.

ஏ.எல். பயோ படித்தவைக்குத் தெரியும்: தோலிலும் மூளையிலும் ஈரலிலும் ஒரே டிஎன்ஏதான். எந்தப் பரம்பரையலகு எங்கே, எப்போது வேலைசெய்யும் என்பதில்தான் வித்தியாசம். வயிற்றில் இருக்கும் பிள்ளையின் ஈமோகுளோபினில் காமா சங்கிலி இருக்கும். பிறந்து சில மாதங்களில் அந்த இடத்துக்கு பீட்டா வந்துவிடும். காமா பரம்பரையலகு அழிவதில்லை, அணைக்கப்படுகிறது, அவ்வளவுதான். பீட்டா தலசீமியாப் பிள்ளை பிறக்கும்போது சுகமாக இருந்துவிட்டுப் பிறகு வெளிறத் தொடங்குவதும் இதனால்தான்.

இதைக் கவனித்த கதை 1948இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் தொடங்குகிறது. அரிவாட்கலச் சோகையுள்ள கைக்குழந்தைகளில் ஏன் நோய் தெரிவதில்லை எண்டு கேட்ட ஜேனட் வாட்சன் என்ற வைத்தியர், பழைய ஈமோகுளோபின் அவர்களைக் காக்கிறது என்றார். பிறகு இங்கே, குருநாகல் தலசீமியா நிலையத்தில் நடந்த நீண்ட ஆய்வில், ஈமோகுளோபின் ஈ–பீட்டா தலசீமியா உள்ளவர்களில் சிலர் குருதி ஏற்றாமலே சமாளிப்பது தெரிந்தது.

காமாவை அணைப்பது யார்? பிசிஎல்11ஏ என்ற புரதம் எண்டு 2008இல் தெரிந்தது. ஆனால் அது மூளைக்கும் நோயெதிர்ப்புக் கலங்களுக்கும் தேவை, முழுதாக நிறுத்தேலாது. செங்குழியங்கள் உருவாகும் கலங்களில் மட்டும் அதைத் தூண்டிவிடும் டிஎன்ஏ துண்டு 2013இல் அடையாளம் காணப்பட்டது. 2023 நவம்பரில் பிரித்தானியா அனுமதித்த காஸ்ஜெவி சிகிச்சை, நோயாளியின் குருதி மூலக்கலங்களை வெளியே எடுத்து, அந்தத் துண்டை வெட்டி, திரும்ப ஏற்றுகிறது. பழுதான பீட்டாவைத் தொடுவதே இல்லை. காமா திரும்பவும் வேலைசெய்யத் தொடங்கும்.

அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டொலர். எங்கட பிள்ளைகளுக்கு இன்னும் மாதாமாதம் குருதியும், உடம்பில் சேரும் இரும்பை அகற்றும் மருந்தும்தான்.

அதனால் எங்கட கையில் இருப்பது பரிசோதனை. காவியாக இருப்பது வருத்தமில்லை. இருவரும் காவியென்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. சாதகம் பார்க்கிறதைப் பாருங்கோ, அதோட இரத்தத்தையும் ஒருக்கா பாருங்கோ.