ஆட்டுத்தோல் பதனிடல்: எங்கே பிழைக்கிறது?

தெல்லிப்பழையில் ஞாயிறு காலைகளில் பங்கு இறைச்சி போடும் வளவுகளில், தோல் பெரும்பாலும் குழிக்குள்தான் போகிறது. அதை வீட்டிலேயே பதனிடலாமா என்று கேட்பவர்களை அவ்வப்போது சந்திக்கிறேன். முயன்று பார்த்தவர்களின் முறைப்பாடுகளும் ஏறக்குறைய ஒன்றுதான்: மயிர் உதிர்கிறது, நாறுகிறது, காய்ந்ததும் பலகையாகிறது.

முதலில் மான்தோல் பற்றி. பழைய வீடுகளின் சாமியறையில் அது இருந்திருக்கலாம். ஆனால் இலங்கையில் மானும் மரையும் 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. வன்னியிலிருந்து யாராவது தோல் கொண்டுவந்து தந்தால் வாங்காதீர்கள். இங்கே சொல்வதெல்லாம் ஆட்டுத்தோலுக்கு. அதிலும் நோயில் செத்த ஆட்டின் தோலைத் தொடவே வேண்டாம். 2006இல் நியூயோர்க்கில் மேளம் செய்யும் ஒருவருக்குப் பதனிடாத ஆட்டுத்தோலிலிருந்தே அந்திராக்ஸ் தொற்றியது.

மயிர் கொத்தாகக் கழன்றால், பிழை முதல் சில மணித்தியாலங்களில் நடந்தது. நம் வெயிலில் மயிர்க்காலில் பற்றீரியா வேகமாகப் பெருகும். உரித்த சூடு ஆறியதும் தோல் நிறையில் பாதியளவு கல்லுப்பை உட்புறத்தில் தேய்த்து, சரிவாக நீர் வடிய விடவேண்டும். மறுநாள் ஈர உப்பை உதறிப் புதிதாகப் போடவேண்டும். ஒருமுறை பாவித்த உப்பைத் திரும்பப் போட்டால் சில நாட்களில் செம்படலம் படரும். அது உப்பிலேயே வாழும் நுண்ணுயிர்.

சுரண்டும்போது தோல் கிழிவதற்குக் காரணம் பெரும்பாலும் கூரான கத்தி. மழுங்கிய விளிம்பு போதும். பனங்குற்றியைச் சாய்த்து, அதன்மேல் தோலை விரித்து, கழுத்திலிருந்து கீழ்நோக்கித் தள்ளுங்கள். வயிற்றுப்பக்கம் மெல்லியது, அங்கே கையை இலகுவாக்க வேண்டும். வெண்சவ்வு மிஞ்சினால் அந்த இடத்தில் பட்டைச்சாறு இறங்காது.

மயிர் வேண்டாமென்றால் நீற்றிய சுண்ணாம்பு நீரில் சில நாட்கள் ஊறவைத்து, தினமும் புரட்டவேண்டும். மயிர் கையால் இழுபட்டதும் எடுத்துவிடுங்கள். மேலும் ஊறினால் நார் தளர்ந்துவிடும். அதன்பின் சுண்ணாம்பை முழுதாக நீக்கும் படியைத்தான் பலர் தாண்டிவிடுகிறார்கள். பலமுறை அலசி, புளித்த தவிட்டு நீரில் ஒருநாள் வைக்கவேண்டும். சுண்ணாம்பு மிஞ்சினால் தோல் கறுத்து, மேற்புறம் வெடிக்கும்.

பதனிட நம் ஊர் ஆவரசம்பட்டையே போதும். திண்டுக்கல், ஈரோடு பக்கத்துப் பழைய தொழிலும் அதில்தான் நின்றது. அவசரப்பட்டு முதலிலேயே கடுஞ்சாற்றில் போட்டால் மேற்பரப்பு இறுகி, உள்ளே பச்சையாக நிற்கும். நீர்த்த சாற்றில் தொடங்கி, சில நாட்களுக்கொருமுறை கடுமையைக் கூட்டவேண்டும். ஓரத்தை வெட்டிப் பாருங்கள். நடுவில் வெள்ளைக்கோடு தெரிந்தால் இன்னும் ஆகவில்லை. இரும்பு வாளி வேண்டாம், பட்டையின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கருநீலக் கறை விடும். மயிரோடு வைத்திருக்க விரும்புபவர்கள் சுண்ணாம்பில் போடாமல் படிகாரமும் உப்பும் பாவிக்கிறார்கள். அந்தத் தோல் நன்றாக நனைந்தால் படிகாரம் கழுவுப்பட்டு, பழையபடி பச்சைத்தோலின் குணத்துக்கே வந்துவிடும்.

பலகையாகக் காய்ந்த தோல் கெட்டதல்ல. திரும்ப ஈரப்படுத்தி, புங்கம் எண்ணெய் பூசி, அரை ஈரத்தில் மரவிளிம்பில் இழுத்து இழுத்து உடைக்கவேண்டும். முழுதாகக் காயும்வரை விடக்கூடாது. கை நோகும், வேறு வழியில்லை. (பக்கத்து அளவெட்டியின் தவிலுக்கு இந்தத் தோல் உதவாது. மேளத்துக்குப் பதனிடாத, விறைத்த தோலே நாதம் தரும்.)

கழிவுநீர்தான் எனக்குப் பெரிய கவலை. நமக்கு ஆறில்லை. மெல்லிய செம்மண்ணுக்குக் கீழே வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல், அதற்குள் நாம் குடிக்கும் நீர். சுன்னாகத்தில் கிணற்றுநீரில் எண்ணெய் கலந்த கதை இங்கே யாருக்கும் புதிதல்ல. குரோமியம் உப்பை இணையத்தில் பார்த்து வாங்கி வீட்டில் பாவிப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன். தோல் தொழிற்சாலைகள் பாலாற்றங்கரை நீருக்குச் செய்ததைப் பற்றி இந்திய உச்ச நீதிமன்றமே 1996இல் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. உப்பைக் கழுவி ஊற்றாமல், காயவைத்து உதறிச் சாக்கில் சேருங்கள். சுண்ணாம்பு நீரைத் தெளியவிட்டு, அடிமண்டியைக் கிணற்றிலிருந்து எட்டத்தில் புதையுங்கள். கிணற்றடியில் மட்டும் எதையும் அலச வேண்டாம்.