கடன்மல்லைக் குன்றின் விளக்கு

மலையும் மலைசார்ந்த நிலமும் குறிஞ்சி என்றும், கடலும் கடல்சார்ந்த நிலமும் நெய்தல் என்றும் நம் முன்னோர் பகுத்தனர். பாறைக்குன்றும் அலைகடலும் ஒன்றையொன்று நோக்கி நிற்கும் இடங்கள் தமிழகத்தில் சிலவே. அவற்றுள் தலையாயது கடன்மல்லை எனப்பெறும் மாமல்லபுரம். அதன் குன்று உயர்ந்த மலையன்று. சிறிது நேரத்தில் ஏறிவிடலாம். எனினும், அவ்வுச்சியில் நிற்பார்க்குத் தென்படுவது இயற்கைக் காட்சி மட்டுமன்று. கடலோடு தமிழர் கொண்ட உறவின் நெடிய வரலாறும் ஆகும்.

கடற்கரையில் விளக்கேற்றிக் கலங்களை அழைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்னும் பட்டினத்தின் கலங்கரை விளக்கத்தைக் காட்டுகின்றார். ஏறுதற்கரிய உயரமும், ஏணி சார்த்திய உச்சியும், இரவில் கொளுத்திய தீயும் அங்கே பேசப்படுகின்றன. நீர்ப்பெயற்று மாமல்லபுரமே என்பர் சிலர். அண்மையிலுள்ள வேறோர் ஊர் என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், இக்கடற்கரையில் இரவு விளக்கு எரிந்ததற்குச் சங்கப்பாடல் சான்றாகின்றது.

பல்லவர் காலத்தில் இத்துறை பெரும்புகழ் எய்தியது. மாமல்லன் என்னும் சிறப்புப் பெயர் பூண்ட முதலாம் நரசிம்மவர்மன் ஏழாம் நூற்றாண்டில் ஆண்டவன். யானைகளையும் மணிக்குவியலையும் சுமந்து தாழ்ந்த கலங்கள் இங்கே நின்றதைத் திருமங்கையாழ்வார் பாடினார். அக்காலத்தே குன்றின் சரிவில் மகிடாசுரமர்த்தினி குகை குடையப்பட்டது. ஒருபுறம் எருமைத்தலையனோடு பொருகின்ற கொற்றவை; எதிர்ப்புறம் அரவணையில் துயிலும் திருமால். போரும் அமைதியும் நேர்நேர் நின்று நோக்கும் அக்குகைக்கு மேலே, எட்டாம் நூற்றாண்டில் கல்லடுக்கிக் கட்டிய சிவன் கோயில் ஒன்று எழுந்தது. ஒலக்கண்ணேசுவரம் என வழங்கும் அப்பெயருக்கு அழற்கண்ணன் எனப் பொருள் கூறுவாரும் உளர்.

பெயருக்கேற்ற பணி பல நூற்றாண்டுகளுக்குப் பின் அதற்கு வாய்த்தது. ஆங்கிலேயர் ஆட்சியில், 1887-இல், சிகரம் இழந்து நின்ற அக்கோயிலின் மேலேயே கப்பல்களுக்கான விளக்கு ஏற்றப்பெற்றது. பின்னர் அருகே கல்லால் தனிக் கோபுரம் எழுப்பப்பெற்று, 1904-இல் அதில் ஒளி ஏற்றப்பட்டது. வழிபாடு ஒழிந்த கோயிலைக் கடல்வணிகத்தின் தேவைக்கு ஆக்கிக்கொண்டது அவ்வாட்சி. கோயிலின் பெருமையை அவர்கள் எண்ணினரோ இல்லையோ, கலமோட்டிகளுக்கு வழிகாட்டும் இடம் எது என்பதில் பழந்தமிழரும் ஆங்கிலேயரும் ஒருப்பட்டமை வியப்புக்குரியது.

இனி, உச்சியிலிருந்து காண்பன யாவை? கிழக்கே, இராசசிம்ம பல்லவன் எடுத்த கடற்கரைக் கோயில். தெற்கே ஒற்றைக்கல் இரதங்கள். மேற்கே பக்கிங்காம் கால்வாய். தெற்கே தொலைவில் கல்பாக்கம் அணுமின் நிலையம். அந்நிலையத்தின் முதல் உலை வணிக முறையில் மின்னளிக்கத் தொடங்கிய 1984-ஆம் ஆண்டிலேயே மாமல்லைச் சின்னங்கள் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. ஒரே கடற்கரையில், ஒரே ஆண்டில், பழமை காக்கப்பெற்றது. புதுமை அடியெடுத்து வைத்தது.

கண்ணுக்குப் புலனாகாதனவும் உள. இவ்வூரை ஐரோப்பிய மாலுமிகள் ஏழு கோயில் நகர் என்றனர். ஆறு கோயில்களைக் கடல் கொண்டது என்னும் செவிவழிச் செய்தி நெடுங்காலம் வழங்கியது. 2002-இல் கடலடி ஆய்வாளர்கள் கரைக்கு அப்பால் நீருக்கடியில் கட்டடச் சிதைவுகளைக் கண்டனர். 2004 திசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலை மணலை அரித்து, புதைந்து கிடந்த சிற்பப் பாறைகளை வெளிக்கொணர்ந்தது. அதனைத் தொடர்ந்து 2005-இல் சாளுவன்குப்பத்தில் நிகழ்ந்த அகழாய்வில் பழைய முருகன் கோயில் வெளிப்பட்டது. பல்லவர் கருங்கற் பணிக்கு அடியில் அதனினும் முந்திய செங்கற் கட்டடம் காணப்பெற்றது. எனினும், இவற்றைக் கொண்டு ஏழு கோயிற் கதை முழுவதும் மெய்யாயிற்று எனல் ஆய்வுநெறி ஆகாது. செவிவழிச் செய்தியை அடியோடு தள்ளுதலும் தகாது, அளவின்றி ஏற்றலும் தகாது என்பதே அவை தரும் பாடம்.

காட்சிமுனை என்றவுடன் ஞாயிறு எழுதலையும் அலை புரளுதலையும் மட்டும் தேடி வருவோர் பலர். அவை எக்கரையிலும் உண்டு. மாமல்லைக் குன்றின் சிறப்பு, காண்பானை வினவ வைத்தலில் உள்ளது. கரையோரம் நின்றால் சிற்பம் தனித்தனியே தெரியும். குன்றின்மேல் நின்றால் கடலும் துறையும் கோயிலும் ஒரு தொடர்பில் விளங்கும். கல்தச்சன் இக்கரையைத் தேர்ந்தமைக்குக் காரணம் இங்குள்ள பாறை. அரசன் தேர்ந்தமைக்குக் காரணம் இங்குள்ள துறை. இவ்விரண்டையும் ஒரே பார்வையில் உணர்த்தும் இடம் இக்குன்று. ஆதலின், மாமல்லை செல்லும் புலவர் முதலில் குன்றேறிக் கடலை நோக்குக. அதன்பின் இறங்கிவந்து கல்லை நோக்குக.