வங்கக் கடலின் புயல் அலை

'சைக்லோன்' என்னும் சொல் இன்று உலகமெங்கும் வழங்குகிறது. அது கல்கத்தாவில் வாழ்ந்த ஒருவர் படைத்த சொல் என்பதை நேயர்களுள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லொன்றைத் தழுவி அதனை உருவாக்கியவர் ஹென்றி பிடிங்டன். வணிகக் கப்பலின் தலைவராகக் கடலில் உழன்று, பின்னர் கல்கத்தாவில் கடல்துறை நீதிமன்றத்தின் தலைவராக அமர்ந்தவர் அவர். புயலில் சிக்கித் தப்பிய கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி, ஒரே நேரத்தில் ஒவ்வொரு கப்பலும் எத்திசைக் காற்றைக் கண்டது என்று படத்தில் குறித்துக்கொண்டே வந்தார். காற்று நேராக வீசவில்லை, ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்கிறது என்பதை அப்படங்கள் காட்டின. 1848-ஆம் ஆண்டில் மாலுமிகளுக்கென அவர் வெளியிட்ட கைநூலில் அந்தச் சுழற்சிக்குப் பெயரும் சூட்டினார்.

அப்பெயர் காற்றின் வடிவத்தைச் சொல்கிறது. நம்முடைய 'புயல்' என்னும் சொல்லும் பழந்தமிழில் மேகத்தையும் மழையையும் குறித்து, பிற்காலத்தில் கொடுங்காற்றைக் குறிக்கலாயிற்று. ஆனால் வங்கக் கரையில் புயலால் மாண்டவர்களுள் மிகப் பலரைக் கொன்றது காற்றன்று; காற்று இழுத்துவந்த கடல்நீரே. இதற்கு நம் முன்னோரின் 'கடல்கோள்' என்ற சொல்லே பொருத்தமாகத் தோன்றுகிறது.

கடல் எவ்வாறு கரையேறுகிறது என்று சற்றுப் பார்ப்போம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே புயற்காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். ஆகவே வடக்கு நோக்கி வரும் புயலின் வலப்புறத்தில் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். இடப்புறத்தில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். ஒரே புயலில் ஒரு கரையில் நீர் ஏறுவதும், அதன் மேற்கே மற்றொரு கரையில் நீர் வற்றித் தரை தெரிவதும் இதனாலேயே. ஆழ்கடலில் காற்று தள்ளும் மேல்நீருக்கு ஈடாகக் கீழே நீர் திரும்பி ஓட இடமுண்டு. ஆழமற்ற கரையோரத்திலோ அந்தத் திரும்பும் ஓட்டத்துக்குப் போதிய இடமில்லை. எனவே நீர் மேன்மேலும் குவிகிறது. காற்றழுத்தக் குறைவும் கடல்மட்டத்தை உயர்த்தும். ஒரு மில்லிபார் குறைந்தால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். ஆயினும் பெரும்பங்கு காற்றின் உந்துதலுடையதே.

வங்க விரிகுடாவின் தலைப்பகுதி இதற்கென்றே அமைந்ததுபோல் உள்ளது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொணர்ந்த வண்டலால் கடலடி நெடுந்தொலைவு ஆழமற்றுக் கிடக்கிறது. இருபுறக் கரைகளும் நெருங்கி வர, புனலுக்குள் ஊற்றியதுபோல் நீர் குறுகி உயர்கிறது. சென்னையில் கடல் ஏற்றவற்றம் ஒரு மீட்டரளவே. ஹூக்ளி முகத்தில் அது ஐந்து மீட்டர்வரை செல்லும். புயல் அலையும் ஏற்றமும் ஒரே வேளையில் சேர்ந்துவிட்டால் தாழ்நிலத்துக்குத் தப்ப வழியில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை விழுங்கியதும் ஆழமற்ற கடலில் எழுந்த இத்தகைய அலையே.

மேலும் கீழுமாகவும் புயல் கடலைக் கலக்குகிறது. அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலே வந்தால் புயலின் வலிமை குறையும். ஆனால் விரிகுடாவின் வடபகுதியில் ஆறுகள் பாய்ச்சும் நன்னீர் இலேசானதாகையால் உப்புநீரின்மேல் மூடிபோல் பரவி நிற்கிறது. கீழுள்ள குளிர்நீர் எளிதில் மேலெழுவதில்லை. கரையை நெருங்கும்போதும் சில புயல்கள் வலிமை குன்றாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஹூக்ளி ஆறு தூர்ந்துவிடுமோ என்று அஞ்சிய கல்கத்தா வணிகர்கள், சுந்தரவனத்தில் மாத்லா ஆற்றின் கரையில் புதிய துறைமுகம் வேண்டும் என்றனர். மாத்லா ஆழமானது, பெருங்கப்பல்கள் தடையின்றி வரலாம். பிடிங்டன் திடுக்கிட்டார். 1853-ஆம் ஆண்டில் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்கு முறையீடொன்றை எழுதி அச்சிட்டார். ஒருநாள் புயலின் நடுவே உப்புநீர் மலைபோல் எழுந்து, ஐந்தடி முதல் பதினைந்தடிவரை அக்குடியிருப்பை மூழ்கடிக்கும் என்று எச்சரித்தார். கப்பலுக்கு வழிவிடும் ஆழம் கடலுக்கும் வழிவிடும் அன்றோ? அவருடைய சொல் ஏற்கப்படவில்லை. 1858-இல் அவர் காலமானார். துறைமுகம் கட்டப்பட்டது, கானிங் பிரபுவின் பெயர் பெற்றது, ரயில்பாதையும் வந்தது.

1864 அக்டோபர் 5-ஆம் நாள் பெரும்புயல் கல்கத்தாவுக்குச் சற்று மேற்கே சென்றது. ஹூக்ளி அதன் வலப்புறத்தில் அகப்பட்டது. கடல் ஆற்றின் வழியே மேலேறி வந்தது. துறையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் நங்கூரம் அறுந்து சேதமுற்றன. சாகர் தீவில் வாழ்ந்தவர்களுள் பெரும்பாலோர் மாண்டனர். வெள்ளத்தாலும், குளங்கள் உப்பாகிப்போன பின் பரவிய நோயாலும் மாண்டவர்கள் அறுபதாயிரம் பேருக்கு மேல் என்று கணக்கிடப்பட்டது. மூன்றாண்டுகள் கழித்து, 1867 நவம்பர் 1-ஆம் நாள், கானிங் துறைமுகத்தில் ஏறத்தாழ ஆறடி உயர அலை புகுந்தது. ரயில் நிலையமும் பண்டகசாலைகளும் பாழாயின. சில ஆண்டுகளில் துறைமுகமே கைவிடப்பட்டது. இன்று கானிங், சுந்தரவனம் செல்வோர் ரயிலைவிட்டு இறங்கும் ஓர் ஊர்.

1864-ஆம் ஆண்டின் அழிவும், அதைத் தொடர்ந்த பஞ்சங்களும் அரசாங்கத்தின் கண்ணைத் திறந்தன. 1875-இல் இந்திய வானிலைத் துறை தோன்றியது. 1864-ஆம் ஆண்டுப் புயலை ஆராய்ந்து அறிக்கை எழுதிய இருவருள் ஒருவரான ஹென்றி பிளான்போர்டே அதன் முதல் தலைவர். ஆயினும் கரையோரக் குடிசைக்குச் செய்தி எட்டப் பல்லாண்டுகள் ஆயின. 1876-இல் மேக்னா முகத்தில் பாக்கர்கஞ்சிலும், 1970 நவம்பரில் அதே கழிமுகத்தின் போலாத் தீவிலும் இலட்சக்கணக்கானோர் நீருக்கு இரையாயினர்.

1999 அக்டோபர் 29-இல் ஒடிசாவின் பாரதீப் அருகே கரையேறிய புயலில் ஏறத்தாழப் பதினாயிரம் பேர் இறந்தனர். பெரும்பாலோர் கடல்நீரால் இறந்தவர்களே. 2013 அக்டோபரில் பைலின் புயல் அதே மாநிலத்தின் கோபால்பூரை அடைந்தபோது இறந்தோர் ஐம்பதின்மருக்கும் குறைவு. இரண்டுமே கடும்புயல்கள்தாம். ஆயின் பைலின் வருமுன் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மேட்டுநிலத்துக்கும் புகலிடங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். எந்தக் கரையில் எவ்வளவு நீர் ஏறும் என்பதைக் கணிப்பொறிகள் முன்னரே கணக்கிடுகின்றன. டெல்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் அறிஞர்கள் இதற்கான கணக்குமுறைகளை வகுத்தனர். ஹைதராபாதிலுள்ள கடல் தகவல் மையமும் எச்சரிக்கை தருகிறது. பிடிங்டன் கப்பல் நாட்குறிப்புகளைக்கொண்டு தொடங்கிய வேலையே இது.

நேயர்களே, கொல்கத்தா, பாரதீப், விசாகப்பட்டினம் முதலிய கரைகளில் நம்மவர் பலர் குடும்பத்தோடு வாழ்கின்றனர். புயல் எச்சரிக்கையைக் கேட்கும்போது காற்று மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதையே நாம் கவனிக்கிறோம். அதற்கு அடுத்த வரியையும் கேளுங்கள். கடல் எத்தனை மீட்டர் உயரும் என்று அதில் சொல்லப்படும். அந்த அளவு இயல்பான ஏற்றத்துக்கு மேற்பட்டது. ஆகவே புயல் கரையேறும் நேரத்தில் கடல் ஏற்றத்தில் இருக்குமா, வற்றத்தில் இருக்குமா என்பதையும், நம் ஊர் புயல்வழியின் வலப்புறமா, இடப்புறமா என்பதையும் விசாரித்து அறியுங்கள். வெளியேறுமாறு அதிகாரிகள் கூறினால், வீட்டின் சுவர் உறுதியானது என்று எண்ணித் தங்கிவிடாதீர்கள். காற்றைத் தாங்கி நிற்கும் சுவர் நீரைத் தடுத்து நிறுத்தாது. மேட்டுநிலம் சேர்வதே வழி.