நுளம்பின் வயிற்றிற் கண்ட உண்மை

மலேரியாவைப் போலத் தன் மூலத்தை நெடுங்காலம் மறைத்து வைத்திருந்த நோய்கள் மிகச் சில. சதுப்பு நிலங்களிலிருந்து எழும் தீய காற்றே அக்காய்ச்சலுக்குக் காரணமென மேனாட்டார் பல நூற்றாண்டுகளாக நம்பி வந்தனர். கெட்ட காற்று எனப் பொருள்படும் இத்தாலியச் சொற்களிலிருந்தே மலேரியா என்னும் பெயரும் பிறந்தது. அந்நம்பிக்கை முற்றும் பொய்யன்று. சதுப்பு நிலத்துக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டு. ஆனால், அத்தொடர்பை உண்டாக்கியது காற்றன்று. அந்நீரிற் பிறந்து காற்றிற் பறந்த நுளம்பு. இதனை ஐயத்துக்கு இடமின்றி நிறுவும் பணியில் தம் வாழ்நாளின் சிறந்த பகுதியைச் செலவிட்டவர் சேர் றொனால்ட் றொஸ்.

1857ஆம் ஆண்டு மே மாதம் 13ஆந் திகதி இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில், இந்தியப் படையிற் பணியாற்றிய ஆங்கில அதிகாரி ஒருவரின் மகனாக றொஸ் பிறந்தார். கவிதை, இசை, கணிதம் ஆகியவற்றிலேயே அவர் உள்ளம் தோய்ந்திருந்தது. எனினும், தந்தையின் விருப்பத்துக்கு இணங்கி வைத்தியம் கற்று, 1881இல் இந்திய வைத்திய சேவையிற் சேர்ந்தார்.

அதற்கு முந்திய ஆண்டிலேதான், அல்ஜீரியாவிற் பணிபுரிந்த பிரெஞ்சுப் படை வைத்தியர் லவெரான், மலேரியா நோயாளியின் குருதியில் உயிருள்ள நுண்கிருமிகளைக் கண்டிருந்தார். நோயின் கிருமி இன்னதெனத் தெரிந்தது. அது ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்குச் செல்லும் வழி தெரியவில்லை. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழு நுளம்பின் உடலில் வளர்வதை 1877இல் சீன நாட்டிற் கண்டறிந்த பற்றிக் மான்சன், மலேரியாக் கிருமியும் அவ்வாறே நுளம்பை நாடக்கூடுமென ஊகித்தார். 1894இல் இலண்டனுக்கு விடுமுறையிற் சென்ற றொஸுக்கு அக்கிருமிகளை நுணுக்குக்காட்டியிற் காட்டி, ஆராய்ச்சிப் பாதையைத் திறந்துவிட்டவரும் அவரே.

மறு ஆண்டு சிக்கந்தராபாத்துக்குத் திரும்பிய றொஸ் எடுத்துக்கொண்ட பணி எளிதன்று. எவ்வகை நுளம்பு என்பது தெரியாது. அதன் உடலில் எவ்விடத்திற் கிருமி தங்கும், எவ்வுருவிற் காணப்படும் என்பதும் தெரியாது. நோயாளரைக் கடித்த நுளம்பு நீரில் விழுந்து இறக்க, அந்நீரைப் பருகுவோரை நோய் பற்றும் என மான்சன் எண்ணியிருந்தார். ஆசிரியரின் அக்கருத்தும் மாணவரைச் சிறிது காலம் வழிதவறச் செய்தது. சாம்பல் நிறத்தனவும் கபில நிறத்தனவுமான நுளம்புகளை நூற்றுக்கணக்கில் அறுத்துப் பார்த்தும் பயனில்லை. இதற்கிடையில் அரசாங்கம் அவரை வாந்திபேதித் தடுப்பு வேலைக்காகப் பெங்களூருக்கு அனுப்பியது. 1897இல் நீலகிரிப் பகுதியில் நுளம்புகளை ஆராயச் சென்றவிடத்து, அவரையே மலேரியா பற்றிக்கொண்டது.

அவ்வாண்டு ஆகஸ்டில், சிறகிற் புள்ளிகளையுடைய வேறொரு வகை நுளம்பு அவர் கைக்குக் கிடைத்தது. ஹுசேன் கான் என்னும் நோயாளி, நுளம்பொன்றுக்கு ஓர் அணா வீதம் பெற்றுக்கொண்டு, அந்நுளம்புகள் தம்மைக் கடிக்க இசைந்தார். வெப்பமோ தாங்கொணாதது. சிறு பூச்சிகள் பறந்துவிடும் என்ற அச்சத்தால் விசிறியையும் பயன்படுத்த முடியவில்லை. வியர்வை பட்டு நுணுக்குக்காட்டியின் திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. ஆகஸ்ட் 20ஆந் திகதி, அந்நுளம்புகளுள் ஒன்றன் இரைப்பைச் சுவரில், மலேரியாக் கிருமிக்கே உரிய கருநிறத் துணிக்கைகளைக் கொண்ட வட்டவடிவக் கலங்களை றொஸ் கண்டார். மறுநாள் வேறொரு நுளம்பில் அவை பருத்திருந்தன. அவை நுளம்பின் உறுப்புக்கள் அல்ல; நுளம்பினுள்ளே வளரும் கிருமிகளே என்பது தெளிவாயிற்று.

ஆராய்ச்சி கனியும் வேளையில் மீண்டும் ஒரு மாற்றல் உத்தரவு வந்தது. மலேரியா அரிதாயிருந்த இராஜபுதனத்துக் கேர்வாராவுக்கு அவர் அனுப்பப்பட்டார். 1898இல் கல்கத்தாவில் ஆராய்ச்சி வசதி கிடைத்தபோதோ, பிளேக் தடுப்பூசி பற்றிய அச்சத்தால், விரலில் ஊசி குத்திக் குருதி எடுக்க நோயாளர் இசைந்திலர். றொஸ் சோர்ந்தாரில்லை, பறவைகளைப் பற்றும் மலேரியாவை ஆராயத் தொடங்கினார். கிருமி நுளம்பின் இரைப்பைச் சுவரில் முதிர்ந்து வெடிப்பதையும், அதிலிருந்து வெளிப்படும் நுண்ணிய இழைகள் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதையும் அவ்வாண்டு ஜூலையிற் கண்டார். அந்நுளம்புகள் நோயற்ற குருவிகளைக் கடித்தபோது அவற்றையும் நோய் பற்றியது. கிருமி பரவுவது குடிநீரால் அன்று, நுளம்பின் கடியாலேயே என்பது இவ்வாறு நிறுவப்பட்டது.

அதே ஆண்டின் இறுதியில், மனித மலேரியாவை அனோபிலிசு நுளம்பே பரப்புகின்றது என்பதை இத்தாலியில் கிராசி, பிக்னாமி, பஸ்தியனெல்லி ஆகியோர் மெய்ப்பித்தனர். முதற்புகழ் எவருக்குரியது என்பது பற்றி றொஸுக்கும் கிராசிக்கும் மூண்ட பூசல் இருவர் உள்ளத்தையும் பல்லாண்டுகள் கசக்கச் செய்தது. 1902இல் நோபெல் பரிசு றொஸுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. நடுநிலையில் நின்று நோக்குவோர் இருவர் பணியையும் மதிப்பர். கல்கத்தாவில் இரவும் பகலும் துணைநின்ற முகம்மது பக்ஸ் என்னும் உதவியாளரையும், காய்ச்சலோடு கிடந்து கையை நீட்டிய ஹுசேன் கானையும் மறவாமையும் வரலாற்றுக்கு முறையாகும்.

1899இல் இந்தியாவை விட்டு நீங்கிய றொஸ், லிவர்ப்பூலில் வெப்பநாட்டு வைத்தியம் கற்பித்தார். இளமையிற் காதலித்த கணிதத்தை இப்போது நோய்த்தடுப்புக்குப் பயன்படுத்தினார். நுளம்பினம் முழுவதையும் அழிக்க வேண்டியதில்லை. அதன் தொகையை ஓர் எல்லைக்குக் கீழே குறைத்தாலே நோய் தானாக மறையும் எனக் கணக்கிட்டுக் காட்டினார். 1932ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆந் திகதி அவர் இலண்டனிற் காலமானார்.

அவர் மறைந்து ஏறத்தாழ ஈராண்டுகளில், அவர் கண்ட உண்மையின் கொடிய முகத்தை இலங்கை காண நேர்ந்தது. 1934இல் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளில் அனோபிலிசு நுளம்பு பெருகியது. 1934, 35ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயில் மாண்டோர் ஏறத்தாழ 80,000 பேர். பின்னர் டீ. டீ. ரீ. மருந்து தெளிக்கப்பட்டு, 1963இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. வெற்றி கிட்டிற்று எனக் கண்காணிப்புத் தளர்ந்தபோது, அப்பத்தாண்டு முடியுமுன்பே நோய் பல இலட்சம் பேரை மீண்டும் பற்றியது. இடைவிடாத முயற்சியின் பயனாக, உள்நாட்டிலேயே தொற்றிய இறுதி நோயாளர் 2012இற் காணப்பட்டார். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது.

எனினும், கிருமி நீங்கிற்றேயன்றி நுளம்பு நீங்கவில்லை. நகரத்துக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகவல்ல மற்றோர் அனோபிலிசு இனமும் அதன் பின்னர் மன்னாரிற் கண்டறியப்பட்டது. பிற நாடுகளிலிருந்து வருவோரின் குருதியில் வரும் கிருமிக்கு இந்நாட்டு நுளம்பு எந்நேரமும் இடங்கொடுக்கக்கூடும். ஆதலால், காய்ச்சலோடு திரும்பும் பயணி குருதிப் பரிசோதனைக்குச் செல்வதும், வீட்டுக்காரர் கிணற்றையும் தொட்டியையும் மூடிவைப்பதும் அற்பக் காரியங்கள் அல்ல. சிக்கந்தராபாத்தின் வெப்பத்தில் ஒரு மனிதர் பெற்றுத் தந்த அறிவு, நாள்தோறும் கைக்கொள்ளப்படும் வரையிலேயே காவலாக நிற்கும்.