பதினைந்து வருடக் கணக்கு

பேங்க் உத்தியோகத்தில் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டுவது விதி. லக்னோவில் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பையன் "இன்டர்" படித்துக்கொண்டிருந்தான். ஹைதராபாத் போனால் அங்கேயும் "இன்டர்". பெங்களூரில் "பி.யூ.". இப்போது புனேயில் "ஜூனியர் காலேஜ்". நம் வீட்டில் மட்டும் பிடிவாதமாக "பிளஸ் டூ". ஐந்து ஊரில் நான்கு பெயர் சொன்னாலும் எல்லாம் அதே இரண்டு வருடம்தான்!

ஒரே சரக்குக்கு இத்தனை பெயர் எப்படி வந்தது? விஷயம் சின்னது, ஆனால் கதை பெரியது. இந்த இரண்டு வருடமும் ஒரு காலத்தில் கல்லூரிக்குள் இருந்தவை. பிறகு ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு விதமாக அவற்றைப் பள்ளிப் பக்கம் தள்ளின. வருடம் நகர்ந்தது, பழைய பெயர் ஒட்டிக்கொண்டது.

வீட்டில் பன்னிரண்டாவது முடித்து பி.எஸ்ஸி. போகப்போகும் பிள்ளை இருக்கிறதா? அப்படியானால் இது உங்களுக்குத்தான். நான் பி.காம். இயற்பியல் சொல்லித்தர வராது. ஆனால் ஒரு கணக்கில் தொகை எங்கிருந்து எங்கே மாற்றப்பட்டது, நடுவில் எது காணாமல் போனது என்று பார்ப்பது நம் பிழைப்பு. அந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

எஃப்.ஏ. காலம்

1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தொடங்கின. சென்னையில் பள்ளி முடித்தவன் மெட்ரிகுலேஷன் தேறி கல்லூரிக்குள் நுழைந்தால், இரண்டு வருடம் கழித்து எஃப்.ஏ. என்ற தேர்வு. அதைத் தாண்டினால்தான் பி.ஏ. அப்போது அறிவியலும் பி.ஏ.வுக்குள்தான்.

அந்த எஃப்.ஏ. என்ன பாடு படுத்தியது என்பதற்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். இருவரும் ஏறக்குறைய ஒரே வயது.

முதலாமவர் ராமானுஜன், 1887-ல் பிறந்தவர். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணிதத்தைத் தவிர வேறு எதிலும் மனம் போகவில்லை. மற்ற பாடங்களில் தேறாததால் உதவித்தொகை பறிபோனது. 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி முயன்றார். உடலியல் போன்ற பாடங்கள் காலை வாரிவிட, அங்கும் எஃப்.ஏ. தேறவில்லை. கடைசி வரை எஃப்.ஏ.வைத் தாண்டவே இல்லை.

இரண்டாமவர் சி.வி.ராமன், 1888-ல் பிறந்தவர். 13 வயதில் எஃப்.ஏ. முடித்தார். பிறகு சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்து, 1904-லேயே முதலிடத்தோடும் இயற்பியல் தங்கப் பதக்கத்தோடும் பி.ஏ. 1907-ல் எம்.ஏ. முடித்த கையோடு கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல். (நம்ம ஜாதிதான், கணக்கு ஜாதி!)

ஒருவர் அறிவாளி, மற்றவர் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? ராமனின் அப்பா விசாகப்பட்டினம் கல்லூரியில் இயற்பியலும் கணிதமும் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். கல்லூரிப் புத்தகம் என்றால் என்ன, அதை எப்படிப் படிப்பது என்பது அந்த வீட்டில் அன்றாடப் பேச்சு. ராமானுஜனின் அப்பா கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் கணக்கர். ராமன் தேறியதற்கு அப்பா மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. கல்லூரியின் முதல் வாசலில் சோதிக்கப்படுவது மூளை மட்டும் அல்ல, அந்த வாசலின் வழக்கம் தெரிந்திருக்கிறதா என்பதும் சேர்த்துத்தான். இதை மட்டும் மனதில் வையுங்கள்.

கமிட்டிகள், கமிஷன்கள்

1904-ன் பல்கலைக்கழகச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த புதிய விதிகளில் எஃப்.ஏ. போய் "இன்டர்மீடியட்" வந்தது. அதுவும் கல்லூரிக்குள் இரண்டு வருடம்தான். நாடு முழுக்க ஒரு தலைமுறைக்கு மேல் இதுதான் வழக்கம்.

இந்த வருடங்களை முதலில் பெயர்க்கச் சொன்னது சாட்லர் கமிஷன், 1917 முதல் 1919 வரை. பல்கலைக்கழகத்தின் எல்லை இன்டர்மீடியட் முடிந்த இடத்தில் தொடங்கட்டும், அதற்கு மேல் பட்டப்படிப்பு மூன்று வருடம் இருக்கட்டும் என்றது. உத்தரப் பிரதேசம் 1921-லேயே உயர்நிலைப் பள்ளிக்கும் இன்டர்மீடியட்டுக்கும் சேர்த்துத் தனி போர்டு வைத்துவிட்டது. என் லக்னோ பக்கத்து வீட்டுப் பையனின் "இன்டர்" அங்கிருந்து வந்ததுதான்.

டெல்லி வேறு வழியில் போனது. 1943-ல், மாரிஸ் குவையர் துணைவேந்தராக இருந்தபோது, இன்டர்மீடியட்டை இரண்டாக வெட்டினார்கள். ஒரு வருடம் பள்ளிக்கு, ஒரு வருடம் கல்லூரிக்கு. பட்டப்படிப்பு மூன்று வருடமானது.

சுதந்திரத்துக்குப் பின் டாக்டர் ராதாகிருஷ்ணன் கமிஷன் (1948-49), பன்னிரண்டு வருடப் படிப்பு முடித்தவனைத்தான் பல்கலைக்கழகத்தில் சேர்க்க வேண்டும் என்றது. அடுத்து நம்ம ஊர் பெரியவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியார் தலைமையில் இடைநிலைக் கல்விக் கமிஷன் (1952-53). இன்டர்மீடியட்டை எடுத்துவிடலாம், பள்ளி பதினோரு வருடம், பட்டம் மூன்று வருடம், மாறுகிற காலத்தில் நடுவில் ஒரு வருடம் "பி.யூ.சி." என்பது அதன் யோசனை.

1950-களின் பிற்பகுதியில் சென்னை மாநிலத்தில் பி.யூ.சி. நடைமுறைக்கு வந்தது. நம் அப்பா, சித்தப்பா தலைமுறை "நான் பி.யூ.சி.யில..." என்று கதை ஆரம்பிப்பது இந்த வருடத்தைப் பற்றித்தான்.

அந்த ஒரு வருடம் என்ன செய்தது?

பாடத்திட்டத்தைப் பார்த்தால் பி.யூ.சி. ஒரு சாதாரண வருடம். ஆனால் அதன் உண்மையான வேலை பாடத்திட்டத்தில் எழுதப்படாதது. தமிழில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கிராமத்துப் பையன் முதன்முதலாக ஆங்கிலத்தில் ஒரு மணி நேரம் லெக்சர் கேட்டான். நோட்ஸ் எடுக்கப் பழகினான். ஆய்வகத்தில் ஸ்க்ரூ கேஜைத் தானே கையில் பிடித்தான். ஹாஸ்டல் சாப்பாட்டுக்கும், வீட்டை நினைத்து வரும் அழுகைக்கும் பழகினான். தடுமாறி விழுந்தாலும் பட்டப்படிப்பு மார்க் கெடவில்லை, ஏனென்றால் பட்டப்படிப்பு இன்னும் தொடங்கவே இல்லை. விழுவதற்கென்றே ஒதுக்கிய வருடம் என்றும் சொல்லலாம்.

பிறகு கோத்தாரி கமிஷன், 1964 முதல் 1966 வரை. தலைவர் டி.எஸ்.கோத்தாரி கேம்பிரிட்ஜில் ரூதர்ஃபோர்டிடம் ஆராய்ச்சி செய்த இயற்பியலாளர். பி.யூ.சி.யும் இன்டர்மீடியட்டும் பள்ளிக்குப் போக வேண்டும், நாடு முழுக்க 10+2+3 என்று வர வேண்டும் என்றது இந்தக் கமிஷன். தமிழ்நாட்டில் 1978-ல் மேல்நிலைப் பள்ளிகள் தொடங்கின. 1980-ல் முதல் பிளஸ் டூ பரீட்சை.

இதில் பெரிய நன்மை ஒன்று உண்டு, மறுக்கக்கூடாது. கல்லூரி இல்லாத சின்ன ஊரிலும் பெண் பிள்ளைகள் வீட்டிலிருந்தே இன்னும் இரண்டு வருடம் படிக்க முடிந்தது.

இப்போது கணக்கு

நம்ம ஊர் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

இன்டர்மீடியட் காலம்: 11 + 2 + 2 = 15
பி.யூ.சி. காலம்: 11 + 1 + 3 = 15
பிளஸ் டூ காலம்: 10 + 2 + 3 = 15

பார்த்தீர்களா, டோட்டல் மாறவே இல்லை! எந்த ஹெட்டில் எழுதுவது என்பதுதான் மாறியது. பேங்கில் இதைச் சாதாரண டிரான்ஸ்ஃபர் என்ட்ரி என்போம்.

ஆனால் ஒன்று டாலி ஆகவில்லை. பி.யூ.சி.யின் பாடம் பள்ளிக்குப் போனது. பி.யூ.சி. எழுதப்படாமல் செய்த வேலை பள்ளிக்குப் போகவில்லை. போகவும் முடியாது, ஏனென்றால் கல்லூரிக்குப் பழகுவதைக் கல்லூரியில்தான் செய்ய முடியும். பிளஸ் டூவைத் தமிழிலேயே முடித்த பிள்ளை, ஆங்கில வழி பி.எஸ்ஸி. எடுத்தால், முதல் ஆங்கில லெக்சரைப் பட்டப்படிப்பின் முதல் நாளில் கேட்கிறது. அந்த செமஸ்டர் மார்க் கடைசி மார்க் ஷீட் வரை கூடவே வருகிறது.

பாலம் இருந்த காலத்திலும் எல்லாம் தெளிவாக இருந்ததாகச் சொல்ல முடியாது. அப்துல் கலாம் 1950-ல் ராமநாதபுரம் பள்ளியிலிருந்து திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரிக்கு இன்டர்மீடியட் படிக்க வந்தவர், பிறகு அங்கேயே பி.எஸ்ஸி. இயற்பியல். அந்தப் பட்டத்தை வாங்கிய பிறகுதான் தனக்கு வேண்டியது பொறியியல் என்று புரிந்ததாக 'அக்னிச் சிறகுகள்' நூலில் சொல்கிறார். பி.எஸ்ஸி. சேர்ந்தபோது வேறு என்ன வழி இருக்கிறது என்றே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சொல்ல ஆள் இல்லாதது அவருக்கும் நடந்திருக்கிறது.

இன்றைய வாசல்

2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர சி.யு.இ.டி. தேர்வு. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பழகிய பிள்ளையிடம், முதல் செமஸ்டரில் வெள்ளைத் தாளைக் கொடுத்து "நிரூபி" என்கிறார்கள். பன்னிரண்டாவதில் லிமிட் என்றால் விடை கண்டுபிடிப்பது. பி.எஸ்ஸி. கணிதத்தில் அந்த லிமிட் ஏன் இருக்கிறது என்று எப்சிலான், டெல்டா வைத்து வாதாட வேண்டும். இயற்பியலில் முதல் வருடமே வெக்டர் கால்குலஸ், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன். வேதியியலில் அணு அமைப்புக்கு ஷ்ரோடிங்கர் வந்து நிற்பார்.

யு.ஜி.சி. 2019-ல் "தீக்ஷாரம்ப்" என்ற பெயரில் புது மாணவர்களுக்கான அறிமுகத் திட்டத்துக்கு வழிகாட்டி வெளியிட்டது. பல கல்லூரிகளில் சில நாள் "பிரிட்ஜ் கோர்ஸ்" நடக்கிறது. ஒரு வருடம் செய்த வேலையைச் சில நாளில் செய்ய முடியாது என்றாலும், அதை ஒருநாள்கூட மட்டம் போடவேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை நான்கு வருடப் பட்டத்தைக் கொண்டுவந்தது, ஆகப் பதினைந்து இப்போது பதினாறும் ஆகலாம். அதே கொள்கைப்படி முதல் வருடத்தோடு வெளியேறினால் ஒரு சான்றிதழ். வசதிதான். ஆனால் முதல் வருடம் தடுமாறும் பிள்ளைக்கு எதிரிலேயே ஒரு வெளியேறும் கதவு திறந்திருக்கிறது என்பதைப் பெற்றோர் மறக்கக்கூடாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

பரீட்சை முடிந்து கல்லூரி திறக்கும் வரை கிடைக்கிற வாரங்கள்தான் நம் கையில் மிச்சமிருக்கும் பி.யூ.சி.

ஒன்று, கணிதம். எந்த அறிவியல் எடுத்தாலும் இதுதான் அஸ்திவாரம். புதுப் பாடம் வேண்டாம். பன்னிரண்டாவதின் கால்குலஸ், வெக்டர் பகுதிகளை விடைப் பட்டியல் இல்லாமல், ஒவ்வொரு படியும் ஏன் என்று எழுதிப் போடச் சொல்லுங்கள். என்.சி.இ.ஆர்.டி. புத்தகமும் தமிழ்நாடு பாடநூலும் இணையத்தில் இலவசம்.

இரண்டு, லெக்சர் கேட்பது. "ஸ்வயம்" தளத்தில் அந்தப் பாடத்தில் ஏதாவது ஒரு பேராசிரியரின் வகுப்பை நிறுத்தாமல் கேட்டு, கையால் நோட்ஸ் எடுக்கட்டும். முதல் வாரம் பாதிதான் பிடிபடும், அதில் தப்பில்லை. இயற்பியல் பிள்ளைகளுக்கு ஃபெயின்மன் விரிவுரைகள் ஆங்கிலத்தில் இணையத்திலேயே இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன.

மூன்று, ஆய்வகம். வீட்டில் ஒரு நூலும் பூட்டும் போதும், ஊசல் ரெடி. இருபது அலைவுக்கான நேரத்தைப் பத்து தடவை எடுத்து, விடை ஏன் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறுகிறது என்று எழுதச் சொல்லுங்கள். வந்த ரீடிங்கை வந்தபடி எழுதுவதுதான் கல்லூரி ஆய்வகத்தின் முதல் பாடம். (லெட்ஜரை அடித்துத் திருத்தாதே என்று எங்களுக்கும் அதைத்தான் சொல்வார்கள்.)

நான்கு, மொழி. இது நம்மைப் போல் வெளியூரில் இருப்பவர்களுக்கு மட்டும். தமிழ்நாட்டுக் கல்லூரியில் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் பகுதி ஒன்று மொழிப்பாடத்தை விசாரியுங்கள். இந்தி, சமஸ்கிருதம், பிரெஞ்சு இருக்கிறதா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். தமிழே படிக்காத பிள்ளைக்குப் பல பல்கலைக்கழகங்களில் "அடிப்படைத் தமிழ்" என்று ஒரு தாள் வரும். அ, ஆவன்னாவை இந்த லீவில் பாட்டியிடம் முடித்துவிடலாம், இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

ஐந்து, முதல் செமஸ்டரில் மார்க் குறைந்தால் வீட்டில் கத்தாதீர்கள். முந்தைய தலைமுறைக்குத் தடுமாற ஒரு வருடம் தனியாகக் கொடுத்தார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கக்கூடியவர்கள் நாம் மட்டும்தான்.

பதிவு நீண்டுவிட்டது, மன்னிக்கவும். பி.யூ.சி. படித்த பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த ஒரு வருடத்தில் நீங்கள் கற்றுக்கொண்ட, பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு விஷயத்தைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். இந்த ஜூனில் கல்லூரி போகிற பிள்ளைகளுக்கு நான் படித்துக் காட்டுகிறேன்.