பாரிஸிலிருந்து குன்னூர் வரை: வெறிநாய்க்கடி மருந்தின் வரலாறு

மைசூரில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் சென்ற ஆண்டு ஒரு சிறுவனை நாய் கடித்துவிட்டது. கட்டட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த குடும்பத்துப் பிள்ளை அவன். தாய் பதறிப்போய்க் காயத்தில் மிளகாய்ப்பொடியை அப்பினாள். தந்தையோ, "ஊருக்குப் போகும்போது மந்திரித்துக்கொள்ளலாம்" என்றார். அவர்களைத் தேற்றி, காயத்தைக் கழுவச் செய்து, அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். கையில் ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுமுறை வரவேண்டிய நாட்களையும் குறித்துக் கொடுத்தார்கள். பையன் நலமாக இருக்கிறான். அந்தச் சிறிய ஊசி நம் தெருவரை வந்து சேர்ந்த கதை நெடியது.

நாய்களைப் பற்றும் நோய்கள் பலவாயினும், மனிதனைக் கொல்லும் நோய்களுள் தலையாயது வெறிநோயே. கன்னடத்தார் 'ஹுச்சு நாயி' என்று அஞ்சுவதும் இதனையே. நோயுற்ற நாயின் எச்சிலில் உள்ள நச்சுக்கிருமி, கடித்த இடத்திலிருந்து நரம்பின் வழியே மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஏறுகிறது. மூளையை அடைந்து, தண்ணீரைக் கண்டு அஞ்சும் நிலை தோன்றிவிட்டால், பிழைத்தவர் மிகமிக அரியர். ஆனால் அந்தப் பயணத்திற்குப் பெரும்பாலும் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகின்றன. கிருமி மூளையை எட்டுமுன் உடலுக்குத் தடுப்பாற்றலை ஊட்டிவிட்டால் உயிர் தப்பும். மருத்துவத்தின் வெற்றி முழுவதும் இந்த இடைவெளியில்தான் அடங்கியிருக்கிறது.

இதனை உலகுக்குக் காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர். 1885 ஜூலை 6ஆம் நாள், வெறிநாயால் பலமாகக் கடியுண்ட ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு, நோயுற்ற முயல்களின் தண்டுவடத்தை உலர்த்திச் செய்த மருந்தை அவர் செலுத்தச் செய்தார். சிறுவன் பிழைத்தான். மறு ஆண்டே ருஷியாவின் ஸ்மோலென்ஸ்க் பகுதியில் ஓநாயால் கடியுண்ட 19 பேர் பாரிஸுக்கு வந்து சேர்ந்தனர். அவர்களுள் 16 பேர் உயிருடன் திரும்பினர். இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படைவீரர்களும் கடியுண்டால் பாரிஸுக்குக் கப்பலேறினர். நம் நாட்டு ஏழைக்கு அந்தக் கப்பல் ஏது?

1900இல் இமயமலைச் சாரலில் கசௌலி என்னுமிடத்தில் பாஸ்டர் நிலையம் தோன்றியது. எனினும் தென்னாட்டிலிருந்து அங்குச் செல்ல 2000 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்ய வேண்டும். 1902இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண்மணி இந்நோயால் மாண்டார். தென்னாட்டுக்கென ஒரு நிலையம் வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் அளித்த நன்கொடையில் ஒரு பகுதி அதற்கு உதவ, 1907இல் நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையம் பிறந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் ஓடத் தொடங்கி அப்போது எட்டாண்டுகளே ஆகியிருந்தன.

1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்பவர், ஆட்டு மூளையில் வளர்ந்த கிருமியைக் கார்பாலிக் அமிலத்தால் செயலிழக்கச் செய்து புதிய மருந்து கண்டார். அதனை வெளியூர்களுக்கு அனுப்பிவைக்க முடிந்தது. நோயாளி மருந்தைத் தேடி ஓடிய காலம் போய், மருந்து நோயாளியைத் தேடி வரும் காலம் பிறந்தது. 1980களின் இறுதியில் எனக்கும் அம்மருந்தே வாய்த்தது. அன்று எனக்கும் வயது 9தான். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசிகள்! இன்று நினைத்தாலும் வயிறு கூசுகிறது. அது பல உயிர்களைக் காத்தது உண்மை. மூளைத் திசு கலந்திருந்தமையால் சிலருக்கு வாதநோயை விளைவித்ததும் உண்மை. ஆதலின் 2004ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா அதன் உற்பத்தியை நிறுத்தியது. இன்று திசு வளர்ப்பு முறையில் செய்யப்படும் மருந்தைக் கையில் ஒரு சில தடவை போட்டுக்கொண்டால் போதும். ஆழ்ந்த காயமாயின் எதிர்ப்புப் புரதமும் காயத்தைச் சுற்றிச் செலுத்தப்படும்.

இத்தனைக்குப் பின்னும் உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 59,000 பேர் இந்நோயால் மாள்வதாகவும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் இந்தியர் எனவும் மதிப்பிடப்பட்டுள்ளது. மனிதருக்கு நேரும் நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய்களாலேயே வருகிறது. ஆகவே நோயின் வேரை நாயிடத்திலேயே அறுத்தல் வேண்டும். ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவ வழியின்றி ஒடுங்கும். கோவா மாநிலம் இவ்வழியில் பல்லாண்டு முயன்று, 2021இல் வெறிநோய் கட்டுப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது.

பாரிஸ், கசௌலி, குன்னூர் என்று தொலைவு படிப்படியாகக் குறுகி, இன்று மருந்து நம் தெருக்கோடிக்கே வந்துவிட்டது. எஞ்சியிருப்பது நம் வீட்டு வாசலிலிருந்து மருத்துவமனை வரையுள்ள தொலைவே. வேற்று மொழி வழங்கும் ஊரில், யாரிடம் என்ன கேட்பது என்ற தயக்கம் அதனை நீட்டிவிடக் கூடாது. நாய் கடித்தால் ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள்; மிளகாயும் சுண்ணாம்பும் வேண்டா; அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மொழி தெரியாவிட்டாலும் காயத்தைக் காட்டினால் போதும். எந்த ஊர் மருத்துவருக்கும் அது விளங்கும்.